கால் எங்கே இருக்கிறது? தண்டுவடக் காயத்துக்குப் பின் நடையில் மூட்டு நிலை உணர்வு: முழுமையான வழிகாட்டி

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவர், எட்டு மாதங்களுக்குப் பிறகு என் முன்னே நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்காலை நீட்டினார். கணுக்காலுக்கு மேல் கை வைத்து அழுத்திப் பார்த்தேன், கால் இறங்கவில்லை. அவ்வளவு பலம். அதே மனிதர் வாக்கரைப் பிடித்து எழுந்து நடந்தபோது கண் தரையை விட்டு நகரவில்லை. வலது கால் தேவைக்கு மேல் உயர்ந்து, தொப்பென்று தரையில் விழுந்தது. வாசல் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அவர் தலை நிமிர்ந்த அந்தக் கணத்தில் முழங்கால் மடங்கிவிட்டது. இடுப்புப் பட்டையை நான் பிடித்திருந்ததால் விழவில்லை.

"பலம் வந்துவிட்டது மேடம். கால் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

அவர் குறையை அவரே துல்லியமாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய தடிமனான மருத்துவக் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் மணல் மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு பலத்தை மட்டுமே வளர்க்கிறார்கள். நடை மட்டும் சீராகவில்லை என்று கலங்குகிறார்கள். பலத்தை அளப்பதுபோல் உணர்வையும் தனியாக அளக்க வேண்டும், தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான், பகுதித் தண்டுவடக் காயத்தோடு (தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்படாத காயம்) ஓரளவு நிற்கவோ நடக்கவோ தொடங்கியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எது அறுந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடுங்கள். கை எங்கே இருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதெல்லாம் பார்க்காமலே தெரிகிறது அல்லவா? அதுதான் மூட்டு நிலை உணர்வு. தசைக்குள்ளே தசைக்கதிர் என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். தசைநாணில் உள்ள உறுப்புகள் இழுவிசையைச் சொல்லும். மூட்டைச் சுற்றியுள்ள தோலும் மூட்டு உறையும் கூடவே தகவல் தரும். இவற்றில் தசைக்கதிருக்கே முதலிடம் என்பதை 1972இல் ஒரு சோதனை அழுத்தமாகக் காட்டியது. ஆரோக்கியமான ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, கையின் தசைநாண்மேல் அதிர்வு கொடுத்தார்கள். கை உண்மையில் இருந்த இடம் ஒன்று. இருப்பதாக அவர் உணர்ந்த இடம் வேறு.

காலிலிருந்து கிளம்பும் இந்தச் செய்தி, தண்டுவடத்தின் பின்பகுதியில் இருக்கும் பின் தூண்கள் வழியாக அதே பக்கத்திலேயே மேலே ஏறி, மூளையின் அடியில் உள்ள முகுளத்துக்குப் போன பிறகுதான் எதிர்ப்பக்கம் கடக்கிறது. ஊசி குத்தும் வலி அப்படியல்ல. தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறது. பாதைகள் வேறு வேறு என்பதால் ஒன்று கெட்டு மற்றொன்று பிழைத்திருக்கலாம். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அடிபடும் பிரவுன்-சிக்வார்ட் நிலையில், அடிபட்ட பக்கத்துக் காலில் பலமும் நிலை உணர்வும் போகும். எதிர்க்காலில் வலியும் சூடும் தெரியாது. முன்பகுதி மட்டும் அடிபட்டால் பலம் போய்விடும், நிலை உணர்வு அப்படியே இருக்கும்.

ஆகவே "ஊசி குத்தினால் தெரிகிறது, உணர்வு நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். உலகெங்கும் தண்டுவடக் காயத்தை மதிப்பிடப் பயன்படும், அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கத்தின் ஏசியா (ASIA) படிவத்தில், உடலின் ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் மெல்லிய தொடுதலையும் ஊசிக்குத்தலையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். மூட்டு நிலை உணர்வோ விரும்பினால் செய்யலாம் என்ற பட்டியலில்தான் இருக்கிறது. கோப்பில் அது இல்லாததற்குக் காரணம் இதுவே. வெட்கப்படாமல் கேட்டுச் சோதிக்கச் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் அறியாமலே தண்டுவடமும் சிறுமூளையும் இந்தச் செய்தியைப் பயன்படுத்துகின்றன. நடக்கும்போது பின்னால் போன காலில் இடுப்பின் முன்பக்கத் தசை இழுபடுவதும், அந்தக் காலின் மேலிருந்த எடை குறைவதும், "இனி காலைத் தூக்கலாம்" என்ற கட்டளைக்குத் தூண்டுகோல். இதில் இடுப்பின் பங்கை, தண்டுவடம் வெட்டப்பட்ட பூனைகளில் கிரில்னர், ரோசிஞோல் என்ற ஆய்வாளர்கள் 1978இல் விளக்கினார்கள். பயிற்சிப் பகுதியில் இது மிகவும் பயன்படும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எல்லாப் பழியையும் பழைய காயத்தின்மேல் போடாதீர்கள். வைட்டமின் பி12 குறைந்தால் இதே பின் தூண்கள்தான் கெடும். சைவ உணவுக்காரர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல வருடங்களாகச் சாப்பிடுபவர்களும் அதை இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட வேண்டும். நீரிழிவே பாதத்து நரம்புகளைக் கெடுக்கும். இவை இரண்டும் சிகிச்சைக்கு உட்பட்டவை என்பதால் சொல்கிறேன்.

ஏற்கெனவே வந்திருந்த உணர்வோ பலமோ புதிதாகக் குறைய ஆரம்பித்தால், அல்லது மரத்துப்போன எல்லை மேலே ஏறினால், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாவது காயத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நடக்கும்.

மார்பின் ஆறாவது தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்குத் திடீரென்று தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் எகிறுதல் வரலாம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். தணியாவிட்டால் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

படி 1: படுத்த நிலையில் பெருவிரல்

இதை வீட்டிலேயே செய்யலாம். படுக்கவைத்து, முதலில் கண் திறந்திருக்கும்போதே "இது மேலே, இது கீழே" என்று காட்டிவிடுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கையால் பாதத்தை நிலையாகப் பிடித்து, மறு கையால் பெருவிரலின் இரு பக்கங்களையும் பிடித்து மேலோ கீழோ நகர்த்துங்கள். நகத்தின் மேலும் அடியிலும் பிடிக்கக் கூடாது. அழுத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதை வைத்தே விடை சொல்லிவிடுவார். பக்கத்து விரலில் உரசவும் கூடாது.

ஒழுங்கில்லாத வரிசையில் பத்து முறை கேளுங்கள். ஒன்றுமே தெரியாமல் ஊகித்தால்கூடப் பத்தில் ஐந்து சரியாகிவிடும் என்பதால் எட்டுக்குக் கீழ் இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். சுமார் 10 பாகை அளவுள்ள சிறு அசைவிலும் எட்டு சரி என்றால் 2 மதிப்பெண். பெரிய அசைவில் மட்டும் எட்டு சரி என்றால் 1. பெரிய அசைவும் தெரியவில்லை என்றால் 0. பிறகு இதேபோல் கணுக்கால், முழங்கால். பெருவிரலில் 0 வாங்கியவர் முழங்காலில் 2 வாங்குவது உண்டு. அவருக்கு நடையில் நல்ல நம்பிக்கை இருக்கிறது.

படி 2: முழங்காலின் பிசகை அளப்பது

மேல், கீழ் என்று சொன்னால் திசை தெரிகிறது என்று பொருள். எவ்வளவு தெரிகிறது என்பது வேறு கேள்வி. கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்காரவையுங்கள். அலைபேசியில் சாய்வுக் கோணம் காட்டும் செயலியைத் திறந்து, முன்னங்காலில் துணியால் கட்டுங்கள். கண் மூடியபடி இருக்க, காலைத் தாங்கி ஒரு கோணத்துக்கு உயர்த்தி நான்கு விநாடி பிடித்திருந்து, பிறகு இறக்குங்கள். இப்போது அவரே அதே இடத்துக்குக் காலைக் கொண்டுவர வேண்டும். எத்தனை பாகை பிசகுகிறது என்று எழுதுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். உதவுபவர் தம் காலிலும் இதையே செய்து பார்த்தால், சாதாரணக் காலில் சில பாகைகள்தான் பிசகும் என்பது விளங்கும்.

பலம் குறைந்த காலில் இந்த அளவு ஏமாற்றக்கூடும், ஏனென்றால் தெரிந்தும் தூக்க முடியாமல் போகலாம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டானியா லாம் குழுவினர் இதற்கு அழகான தீர்வு கண்டார்கள். லோகோமேட் என்ற நடைப்பயிற்சி எந்திரத்தில் காலைப் பொருத்தி, இடுப்பையோ முழங்காலையோ ஒரு கோணத்தில் வைத்துக் காட்டிவிட்டு நகர்த்திவிடுவார்கள். நோயாளி கையில் உள்ள ஜாய்ஸ்டிக்கால் எந்திரத்தை இயக்கி நினைவில் உள்ள கோணத்துக்குக் காலைக் கொண்டுபோக வேண்டும். காலின் பலவீனம் கணக்கில் கலக்காது. நம் வீட்டில் எந்திரம் இல்லை. ஆனால் அதன் உத்தி நமக்கும் உதவும்: உதவுபவர் காலை மெதுவாக நகர்த்த, சரியான இடம் வந்ததும் நோயாளி "நில்" என்று சொன்னால் போதும்.

படி 3: நின்றபடி கண்ணை மூடுவது

பெர்லின் மருத்துவர் ரோம்பர்க் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த சோதனை இது. சுவரின் மூலையில், முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர் நிற்க, பாதங்களை ஒட்டி வைத்து அரை நிமிடம் கண் திறந்தும் அரை நிமிடம் கண் மூடியும் நிற்பது. கண் திறந்திருக்கும்போது நின்றவர் மூடியதும் சாய்ந்தால், இத்தனை நாள் அவரைத் தாங்கி நிறுத்தியது கண்தான். குளியலறையில் முகத்தில் சோப்புப் போடும்போது இவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பதற்கும் விடை கிடைத்துவிடும். இனி முகம் கழுவுவது உட்கார்ந்துதான் என்று அன்றே முடிவு செய்யுங்கள். தனியாக இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

படி 4: நடையிலேயே சோதிப்பது

படுத்தபடி பத்துக்குப் பத்து வாங்கியவரும் நடையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. படுக்கையில் யோசித்து விடை சொல்ல நேரம் கிடைக்கிறது; சாதாரண நடையில் கால் காற்றில் இருப்பது அரை விநாடிக்கும் குறைவு. எதிர்மாறாகவும் நடக்கும். நடக்கும்போது தசைகள் இயங்குகின்றன, எடை ஏறி இறங்குகிறது. படுக்கையில் மௌனமாக இருந்த கால் எழுந்து நின்றதும் கொஞ்சம் பேசத் தொடங்குகிறது. அதனால் நடையை நடையில்தான் சோதிக்க வேண்டும். நான் பார்ப்பவை இவை.

முதலில் காதைக் கொடுங்கள். இரு கால்களும் தரையைத் தொடும் ஓசை ஒன்றாக இருக்கிறதா? உணர்வில்லாத கால் ஓங்கி விழும். அந்த அதிர்ச்சியாவது மேலே போய்ச் சேரட்டும் என்று உடம்பு தேடும் வழி அது. அடுத்து முழங்காலைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுங்கள். எடை ஏறும்போது முழங்கால் பின்னோக்கி வளைந்து பூட்டிக்கொள்கிறதா? நடுவில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதபோது கடைசி எல்லை வரை தள்ளி முட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பாகத் தோன்றும். நாளாக நாளாக மூட்டின் பின்புறத் தசைநார்கள் தளர்ந்துபோகும் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

பிறகு, நடைபாதையின் கோடியில் ஒருவர் நின்று விரல்களைக் காட்டட்டும். நடந்துகொண்டே எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பார்வை தரையை விட்டு எழுந்ததும் அடி குறுகுகிறதா, நின்றுவிடுகிறாரா?

அதற்கடுத்தது வாசற்படி. இது என் மனத்துக்கு நெருக்கமான சோதனை, ஏனென்றால் நம் வீட்டு நிலைப்படிகள் எத்தனை பேரை விழ வைத்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். படியைத் தாண்டும் முதல் காலைக் கண் பார்க்கிறது. இரண்டாவது கால் உடம்புக்குப் பின்னால் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. அதை மூட்டு உணர்வும் நினைவும் மட்டுமே தாண்டச் செய்கின்றன. "வலது கால் நல்ல கால், இடது கால்தான் மோசம்" என்பவர், மோசமான காலை முதலில் வைத்தால் தாண்டிவிடுவார். நல்ல காலை முதலில் வைத்தால் பின்னால் வரும் இடது பெருவிரல் மரத்தில் இடிக்கும். எந்தக் கால் முதலில் என்று மாற்றி மாற்றிச் செய்து, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் குறைந்த அட்டைப்பெட்டியை வைத்துத் தொடங்கினால், இடித்தாலும் ஆபத்தில்லை.

கடைசியாக, இரு பக்கமும் பிடித்து நடக்க உதவும் இணைக் கம்பிகளுக்கு நடுவே மட்டும் செய்ய வேண்டியது. நடந்துகொண்டிருக்கும்போது "நில்" என்பேன். கண்ணை மூடச் சொல்லிக் கேட்பேன்: பின்கால் குதிகால் தரையில் இருக்கிறதா, எழும்பியிருக்கிறதா? முழங்கால் நேராகவா, மடங்கியா? எந்தக் கால்மேல் அதிக எடை? சொன்ன பிறகு கண்ணைத் திறந்து அவரே சரிபார்ப்பார்.

படி 5: பயிற்சி

மேலே சொன்ன "முதலில் சொல், பிறகு பார்" என்பதுதான் பயிற்சியின் உயிர். பார்த்தபடியே நடந்தால் கண்ணுக்கு மட்டும்தான் பயிற்சி. பார்க்கவே கூடாது என்றால் தவறைத் திருத்த ஆளில்லை. ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்க்கும்போது, மிச்சமிருக்கும் மெல்லிய செய்திக்கு என்ன பொருள் என்று மூளை கற்றுக்கொள்கிறது.

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃப்ரெங்கெல் பின் தூண்கள் கெட்ட நோயாளிகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையிலிருந்து தொடங்குங்கள். படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் வழுக்கி முழங்காலை மடக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி. பாதி வழியில் நிறுத்துங்கள். மறுபடி நீட்டுங்கள். வேகமாகச் செய்வது எளிது, வேகம் பிசகை மறைத்துவிடும். மெதுவாகச் செய்வதுதான் கடினம். உட்கார்ந்தபடி தரையில் குறித்த நான்கு புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குதிகாலால் தொடுங்கள். களைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். களைத்த தசை தவறான செய்தி அனுப்பும். நாளுக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம், முழுக் கவனத்தோடு என்றால் போதும் என்பது என் அனுபவம்.

நிற்கும்போது எடை மாற்றுவதில் தொடங்குங்கள். இரண்டு எடை பார்க்கும் கருவிகளை வைத்து ஒவ்வொரு காலையும் ஒன்றில் ஊன்றுங்கள். "வலது காலில் பாதி எடை இருக்கிறது" என்று நினைத்த பிறகு உதவுபவர் எண்ணைச் சொல்லட்டும். முழங்காலைச் சற்றே மடக்கி நிற்கவும் பழகுங்கள். பூட்டும் பழக்கத்துக்கு இதுதான் மருந்து. முழங்காலின் பின்புறம் ஒட்டுப்பட்டை ஒன்றைத் தோலுக்கு இடையூறில்லாமல் ஒட்டினால், தோலில் உணர்வு உள்ளவர்களுக்கு "போதும், இதற்கு மேல் நீட்டாதே" என்று அது நினைவூட்டும். கழற்றியபின் தோலைப் பாருங்கள்.

அடுத்தது இடுப்பு. வாக்கர்மேல் கவிழ்ந்து, இடுப்பை மடித்தபடி நடப்பவர்கள்தான் அதிகம். அப்படி நடந்தால் பின்கால் உடம்புக்குப் பின்னால் போவதே இல்லை. முன்பு சொன்ன அந்த இயற்கையான தூண்டுதலும் தண்டுவடத்துக்குக் கிடைப்பதில்லை. வாக்கரின் உயரத்தைக் கூட்டுங்கள், நிமிர்ந்து நில்லுங்கள், கையில் ஏற்றும் எடையைக் குறைத்துக் காலில் ஏற்றுங்கள். அடியைச் சிறிதாக வைத்தாலும் பின்காலை நன்றாகப் பின்னால் விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே, வம்பாக இழுத்துத் தூக்க வேண்டியிருந்த கால் தானாகக் கிளம்புவதைச் சிலரிடம் பார்த்து நெகிழ்ந்திருக்கிறேன்.

பிறகு தரையில் இலக்குகள். ஈர மாக்கோலத்தால் புள்ளி வைத்துக் காயவிட்டால் பல நாள் இருக்கும். உலர்ந்த கோலப்பொடி வழுக்கும், வேண்டவே வேண்டாம். புள்ளியைப் பார்த்து அடியைக் கிளப்புங்கள், கால் காற்றில் இருக்கும்போது தலையை நிமிர்த்துங்கள், ஊன்றியபின் குனிந்து பாருங்கள். ஒரே இடைவெளியில் வைக்காமல் கூட்டிக் குறைத்து வையுங்கள். அட்டைப்பெட்டியைத் தாண்டும்போது, பின்கால் எவ்வளவு இடைவெளியில் தாண்டியது என்று நோயாளி விரலால் காட்டட்டும், வீடியோவில் ஒப்பிடுங்கள். பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, இரண்டும் கம்பியைப் பிடித்தபடி. இவை கைவந்த பின்னரே பேசிக்கொண்டே நடப்பது, தண்ணீர்க் குவளையோடு நடப்பது.

உணர்வு திரும்பாவிட்டால்

மாதக்கணக்கில் முயன்றும் 0 மாறாதவர்கள் உண்டு. அவர்களிடம் "கீழே பார்க்காதே" என்று அதட்டுவது கொடுமை. இங்கிலாந்தின் இயன் வாட்டர்மேன் 1971இல், தமது 19ஆம் வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் நிலை உணர்வையும் முழுவதுமாக இழந்தார். அவருடையது நரம்பு நோய், தண்டுவடக் காயம் இல்லை. தசைகளில் பலமும் இருந்தது. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, யோசித்து, மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் உடம்பைக் கட்டுப்படுத்த முடியாது. கண்ணால் நடப்பதும் நடைதான். அவர்களுக்குக் கணுக்காலைத் தாங்கும் சாதனம், எல்போ ஊன்றுகோல், பாதத்தைப் பார்க்க ஏற்ற மூக்குக்கண்ணாடி, வெளிச்சம், இவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். ஊன்றுகோல் வழியாகத் தரையின் செய்தி கைக்கு வந்துசேர்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். இரண்டையும் உருவாக்கியவர்களே தண்டுவடக் காயம் பட்டவர்கள். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸின் உழைப்பில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966இல் பாகாயத்தில் தொடங்கியது. கழுத்தில் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தென்காசிக்கு அருகில் உள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்.

வீட்டில் இன்றே மாற்ற வேண்டியவை

வார்ப்பட்டை இல்லாத செருப்பைத் தூக்கிப் போடுங்கள். அது கழன்று பின்னால் கிடப்பது தெரியாமலே பத்தடி நடந்துவிடுவார்கள். குதிகாலைப் பிடித்து நிற்கும், மெல்லிய உறுதியான அடிப்பாகம் கொண்ட காலணி நல்லது. மெத்தென்ற தடித்த அடிப்பாகம், மிச்சமிருக்கும் உணர்வையும் விழுங்கிவிடும். வெறுங்காலோடு பயிற்சி செய்வதாக இருந்தால் வீட்டுக்குள், பெருக்கிய தரையில் மட்டும். கோயில் பிரகாரத்து வெயில் கல்லில் வேண்டாம்; கொப்புளம் வந்தது இரவில்தான் தெரியும். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு எரியட்டும், மின்வெட்டிலும் எரியும் வகையாக. மின்சாரம் போன இருட்டில் நடந்துகொண்டிருந்தால், கம்பியையோ சுவரையோ பிடித்து அந்த இடத்திலேயே நின்று, குரல் கொடுங்கள்; யாராவது டார்ச்சோடு வரும்வரை ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் அவருடைய பாதத்தில் அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.